தவிட்டுச் சோறும் கருவாட்டுத் தேயிலையும்

தவிட்டின் பெருமையைப் பற்றித் தோட்டமே கூடி நின்ற இடத்தில் நெஞ்சில் கை வைத்துப் பேசியவன் நான். பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில் என் வீட்டுத் தவிட்டை என் வீட்டுக் கோழிகள் தின்றுகொண்டிருந்தன. இது எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. தெரிந்துதான் பேசினேன். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். பிறவிக் கோளாறு. இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். கோளாறு அப்படியே இருக்கிறது, சிரிக்கத்தான் ஆள் குறைந்துவிட்டது.

இதையெல்லாம் நான் நினைத்துப் பார்ப்பது பெரும்பாலும் விடிகிற நேரத்தில், ஈர விறகை ஊதிக்கொண்டு குந்தியிருக்கும்போது. கண் எரியும்போது பழைய விசயங்கள் தெளிவாகத் தெரியும் போலிருக்கிறது.

இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்து சில வருசங்கள் ஆகியிருந்தன. அட்டனிலிருந்து பஸ் போகிற ரோட்டை விட்டு, மூச்சு வாங்க ஏறினால் வருகிற ஒரு தோட்டம். எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பறித்து வந்த கொழுந்தை வாட்டி, உருட்டி, கடைசியில் சூடான காற்றில் காய வைப்பார்கள். அந்தக் காற்றைச் சூடாக்க ஓர் இரும்பு அடுப்பு உண்டு, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, அளவுக்கு இருக்கும். அதற்கு விறகு போடுகிறவன் நான். காய்ந்த கட்டையாகப் பார்த்து எடுத்து, நேரம் தவறாமல் போட்டு, தீ ஏறாமலும் இறங்காமலும் வைத்திருக்க வேண்டும். அந்த வேலையில் என்னைக் குறை சொன்னவர் இல்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் வீட்டுக்காரி மலையில் கொழுந்து எடுப்பவள். அந்த வருசம் மழை தொடங்கின நாளிலிருந்து அவளுக்குக் கால் சரியில்லை. முதலில் பாதம் மரத்துப்போகிறது என்றாள். பிறகு கெண்டைக்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நான் வழக்கம்போல, "எறும்புக்குக்கூட ஒன்ன விட்டா வேற எடமில்ல போல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் கால் வீங்கிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி போகாமல் அப்படியே நின்றது.

தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே மருந்து கொடுக்கிறவரை எல்லாரும் டாக்டரையா என்போம். அவர் அவள் காலை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வூட்டுல என்னா அரிசி?"

"போடுற அரிசிதாங்க. வெள்ளரிசி."

"அதுதான். மல்லிகப்பூ கணக்கா இருக்கணும்னு தீட்டித் தீட்டி, சத்தையெல்லாம் ஆலைக்காரன் தவிடா எடுத்துர்றான். நீங்க திங்கிறது வெறும் சக்கை. அந்தச் சத்து இல்லாட்டி நரம்பு செத்துரும். மொதல்ல காலு. அப்பறம் நெஞ்சு."

"நெஞ்சுன்னா?"

"நெஞ்சுன்னா நெஞ்சுதான். சும்மா வெளையாடாத."

கைவசம் இருந்த மாத்திரையில் கொஞ்சம் கொடுத்தார். அது தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது என்றார். ஆனால் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, இனிமேல் அரிசியை அதிகம் தீட்டக்கூடாது என்று ஆலைகளுக்குச் சொல்லியிருக்கிறது, அந்த அரிசி தோட்டங்களுக்கும் வரப்போகிறது, அதைத் தின்றாலே கால் சரியாகிவிடும் என்றார்.

எங்களுக்கு ஆச்சரியம்தான். கடல் தாண்டி வந்த வம்சம் என்று, எங்களை இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொல்லி ஓட்டையும் எடுத்துக்கொண்ட அரசாங்கம் அது. வயிற்றை மட்டும் தன் நாட்டு வயிறாக நினைத்திருக்கிறது. சரி, ஏதோ ஓர் உறுப்பாவது பதிவாகியிருக்கிறதே என்று நான் லயத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

அரிசி வந்தது. சனிக்கிழமை சனிக்கிழமை தோட்டத்திலேயே அரிசி போடுவார்கள். அந்தச் சனிக்கிழமை சாக்கைப் பிரித்ததும் பொம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அரிசி செங்கல் நிறத்தில், மேலெல்லாம் தவிடு ஒட்டி இருந்தது, ஊடே வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா அரிசியை அள்ளிப் பார்த்துவிட்டு, "ஏங்க கணக்கப்புள்ள, மாடு எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டது.

"என்னா மாடு?"

"இதத் திங்கப்போற மாடுதான்."

சிரிப்பு அடங்கின பிறகு எல்லாரும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். வேறு அரிசி இல்லையே.

குறை ருசியில் இல்லை. பசிக்கிறவனுக்கு ருசியில் என்ன குறை. குறை வேகிறதில் இருந்தது. எங்கள் உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் அந்தக் கொதியில் ஒன்றும் வேகாது. வெள்ளரிசியே முரண்டு பண்ணும். இந்த அரிசியோ சட்டியில் கிடந்து கூழாங்கல் மாதிரி உருண்டது. விறகென்று எங்களுக்குக் கிடைப்பது கவ்வாத்து என்று செடியைக் கழிக்கும்போது விழுகிற தேயிலை மாறு, அதுவும் மழையில் ஊறினது. என் வீட்டுக்காரி, ஆளை எழுப்ப விடிகாலையில் அடிக்கிற தப்புச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து அடுப்பு முன்னால் குந்துவாள். மத்தியானத்துக்குக் கொண்டுபோகிற சோறு வெந்து, பிள்ளைகள் இரண்டையும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். காலையில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புகிற இடம்தான் பெரட்டு. அதற்குப் பிந்தினால் திருப்பி அனுப்புவார்கள், இல்லாவிட்டால் அரைப்பேர் போடுவார்கள். அரைப்பேர் என்றால் முழு நாள் உழைப்புக்கு அரை நாள் சம்பளம்.

அந்த முதல் வாரத்தில் சோறு வேகாமலே பெரட்டுக்கு ஓடின நாளும் உண்டு, வெந்து முடித்துவிட்டுப் பிந்தின நாளும் உண்டு. வேகாமல் ஓடினால் மத்தியானம் பட்டினி. வெந்த பிறகு ஓடினால் அரைப்பேர். அடுத்த சனிக்கிழமை பொம்பிளைகள் தாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். லயத்துக் கோடியில் ஒரு கல் உரல் கிடந்தது, தீபாவளிக்கு மாவு இடிக்கிறதற்காக. அதைக் கழுவினார்கள். வாங்கி வந்த அரிசியை அதில் போட்டு உலக்கையால் தீட்டித் தவிட்டை எடுத்துவிட்டார்கள். அரிசி வெள்ளையாகிவிட்டது, சீக்கிரம் வெந்தது. அரசாங்கம் அரிசியில் விட்டுவைத்த சத்தை உலக்கை எடுத்து, சுளகு புடைத்து, கோழி தின்றது. எங்கள் கோழிகளுக்கு அப்படி ஒரு மினுமினுப்பு வந்ததை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. நாள் தவறாமல் முட்டை போட்டன. முட்டையை நாங்கள் தின்னவில்லை. டாக்டரையா வீட்டுக்கும் கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் விற்று, மண்ணெண்ணெய்யும் மிளகாயும் வாங்கினோம்.

என் வீட்டுக்காரியும் வீங்கின காலோடு நின்று உலக்கை போட்டாள். டாக்டரையா சொன்னதை நான் ஞாபகப்படுத்தினால், "காலு வெறைக்கிறது குளுருனால. அரைப்பேருக்கு அவரா மருந்து தர்றாரு?" என்பாள். சோறு வெந்தால் சரி என்று எனக்கும் பட்டது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை அரசாங்கத்து ஆள் வந்தார். சத்துணவைப் பற்றி விளக்குகிற உத்தியோகத்தர். சிங்களவர், கண்ணாடி போட்டவர், மழைக்கோட்டுக்குள் ஒடுங்கின மெலிந்த மனிதர். வேனில் வந்தார், படங்கள் கொண்டுவந்தார். ஒரு படத்தில் வெள்ளரிசி தின்று கால் வீங்கினவன், இன்னொன்றில் தவிட்டரிசி தின்று மண்வெட்டி பிடிக்கிறவன். அவர் சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றார். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா என்னைக் கைகாட்டினார். காமன் கூத்தில் வருசா வருசம் நான் கோமாளி வேசம் கட்டுகிறவன். கீழே சிங்களக் கிராமத்தில் எனக்குச் சினேகிதர்கள் உண்டு, அதனால் பாசையும் வரும். இந்த இரண்டு தகுதியும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன நடக்கும் என்று கண்டாக்கையா யோசிக்கவில்லை.

அரிசி போட்டு முடித்த கையோடு அங்கேயே கூட்டம். என் வீட்டுக்காரி அரிசியை வாங்கிக்கொண்டு, கால் கடுக்கிறது என்று முன்னாலேயே லயத்துக்குப் போய்விட்டாள்.

உத்தியோகத்தர் பொறுமையாகப் பேசினார். அரிசியை அதிகம் கழுவாதீர்கள், கழுவின தண்ணீரோடு சத்துப் போய்விடும். கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள். தவிட்டோடு சாப்பிடுங்கள். நான் அதைச் சொன்னேன். கூட்டம் கொட்டாவி விட்டது. கொட்டாவியைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அவர் சொல்லாததையும் சேர்த்தேன்.

"கேட்டுக்கங்க. தவிட்டத் தூரப் போட்டுட்டு வெள்ளரிசி திங்கிறது எப்பிடின்னா, கொழுந்தக் கொட்டிட்டு கவ்வாத்து மாறக் கொதிக்க வெச்சுக் குடிக்கிற மாதிரி!"

கூட்டம் சிரித்தது. எனக்கு ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காம்பரா அக்கா குரல் கொடுத்தது. "அப்ப ஒங்க வூட்டுல கொழுந்தா மாறா தம்பி?"

அங்கேதான் நெஞ்சில் கை வைத்தேன்.

"எங்க வூட்டுல தவிட்டுச் சோறுதான்! எம் பொண்டாட்டி காலு வீங்கிக் கெடந்துச்சா இல்லியா? எல்லாரும் பாத்தீங்கல்ல? இப்ப போயிப் பாருங்க. மான் கணக்கா மல ஏறுது!"

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. எல்லாருக்கும் உண்மை தெரியும். எங்கள் உரலில்தானே அவர்களும் குத்துகிறார்கள். உத்தியோகத்தர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். நான் அதையே சிங்களத்திலும் சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் மலர்ந்துபோய்விட்டது. எத்தனை தோட்டம் ஏறி இறங்கியிருப்பாரோ, கொட்டாவி தவிர ஒன்றையும் கண்டிருக்க மாட்டார். அந்த அம்மாவை இப்போதே பார்க்க வேண்டும் என்று குடையை விரித்தார்.

லயத்துக்கு ஏறுகிற வழியெல்லாம் எப்படித் தப்பிக்கலாம் என்று யோசித்தேன். வழுக்கும் என்றேன், அட்டை கடிக்கும் என்றேன், பரவாயில்லை என்றார். லயம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே உலக்கைச் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"மாவு இடிக்கிறாங்க மாத்தயா. கோயில்ல பூசை."

வளைவு திரும்பினோம். என் வீட்டுக்காரி உரல் பக்கத்தில் நின்று உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலில் பாரம் கொடுக்க முடியாமல் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுளகில் தவிடு. சுளகைச் சுற்றிக் கோழிகள், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. உத்தியோகத்தர் குனிந்து தவிட்டைக் கொஞ்சம் கையில் எடுத்தார். பிறகு அவள் பாதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மே மொகத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். நான் கோழிகளை விரட்டத் தொடங்கினேன்.

"யாருங்க இவுரு?" என்றாள் அவள்.

"கவுருமெண்டு ஐயா. அரிசியப் பத்திக் கேக்குறாரு. நல்லா இருக்குன்னு சொல்லு."

உத்தியோகத்தர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். "நீ சொல்லாத. எனக்குக் கொஞ்சம் டமில் தெரியும். அம்மா சொல்லு." கூட்டத்தில் நான் சேர்த்துச் சொன்னதில் கொஞ்சமாவது அவருக்குப் புரிந்திருக்கிறது. மரியாதைக்காகச் சும்மா இருந்திருக்கிறார்.

அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள். "வேகுறதில்லைங்கய்யா. வேகுற வரைக்கும் நின்னா பெரட்டு போயிருது."

"ராவே தண்ணியில ஊறப்போடு. சுருக்கா வேகும்."

"ஊறப்போட்ட தண்ணியக் கீழ ஊத்தலாங்களா?"

"சீ, ஊத்தக் கூடாது. சத்து போயிரும். அந்தத் தண்ணியிலயே வேக வை."

"அந்தத் தண்ணியில வண்டு மெதக்குதுங்களே, அதுவும் சத்துங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நான் பார்க்க வேண்டும், இப்போது ஆக்கு என்றார். அந்த மனிதரைப் பற்றி நான் இதுவரை எவ்வளவோ கேலி பேசியிருக்கிறேன். ஆனால் காம்பராவுக்குள் வந்து பலகையில் உட்கார்ந்து ஒரு சட்டி சோறு வேகிறதைப் பார்த்த அரசாங்கத்து ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவள் தீட்டாத அரிசியை உலையில் போட்டாள். மாறு புகைந்தது. ஊதினாள், புகைந்தது. உத்தியோகத்தர் இருமினார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. நான் வாசலில் நல்ல காற்றில் நின்றுகொண்டிருந்தேன். கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தான். அவர் எழுந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஓர் அரிசியை எடுத்து நசுக்கிப் பார்த்தார். அது நசுங்கவில்லை.

வெளியே வந்து என்னிடம் சிங்களத்தில் சொன்னார். "அரிசி எங்கள் டிபார்ட்மெண்ட். விறகு எங்கள் டிபார்ட்மெண்ட் இல்லை." கிண்டலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

பகல் சாப்பாடு அவருக்கு டாக்டரையா வீட்டில். நான் படங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சாப்பிடும்போது, இந்த மாதிரி மஞ்சள் கரு உள்ள முட்டை நுவரெலியாவில்கூடக் கிடைக்காது என்று அவர் பாராட்டினது ஜன்னல் வழியாகக் கேட்டது. தவிட்டுச் சத்து கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

அவர் மறுபடி வரவில்லை. படங்கள் அரிசிக் காம்பராச் சுவரில் தொங்கின. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, மண்வெட்டி பிடித்தவனுக்கும் கால் வீங்கிவிட்டது.

என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. மாத்திரையும் தீர்ந்திருந்தது. ஒரு நாள் மலையில் தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டும்போது கால் எங்கே வைத்தோம் என்று தெரியாமல் கூடையோடு விழுந்தாள். இரண்டு பேர் தோளில் பிடித்துக் கூட்டிவந்தார்கள். டாக்டரையா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, அவளை வெளியே உட்கார வைத்தார். என்னிடம், "ஒம் பகிடியெல்லாம் அப்பறம் வெச்சுக்க. இன்னங் கொஞ்ச நாளு இப்பிடியே போனா நெஞ்சுல ஏறிரும். அப்பறம் என்னால முடியாது, அட்டன் ஆசுபத்திரியிலயும் முடியாது" என்றார்.

அன்றைக்கு ஸ்டோரில் விறகு போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த ஒரே நல்ல யோசனை என்று அதை ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் முன்னால் காய்ந்த கட்டை மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. இரும்பைப் பழுக்க வைக்கிற தீ எரிகிறது. அடுப்பு வாயின் பக்கத்தில் தணல் அள்ளிப் போடுகிற மேடை, நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். ஒரு சட்டியை அதில் வைத்தால் யாருக்கு என்ன நட்டம்?

மறுநாள் தீட்டாத அரிசியைச் சட்டியில் போட்டுத் துணியால் மூடிக் கொண்டுபோனேன். தணலில் வைத்தேன். பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னாலேயே பூவாக வெந்துவிட்டது. மத்தியானம் கொழுந்து நிறுக்கப் பொம்பிளைகள் ஸ்டோர் பக்கத்து மடுவத்துக்குத்தான் வருவார்கள். அங்கே அவள் கையில் சுடச்சுடச் சட்டியைக் கொடுத்தேன்.

அவள் திறந்து பார்த்தாள். "இத எங்க வெச்சீங்க?"

"தொர வூட்டு அடுப்புல."

"புடிச்சா?"

"புடிச்சா நாந்தான. நீ தின்னு."

தின்றாள். நாள் தவறாமல் தின்றாள். அவளோடு கொழுந்து எடுக்கிறவர்களும் பார்த்தார்கள். அடுத்த வாரம் என் பக்கத்தில் இரண்டு சட்டி, அதற்கடுத்த வாரம் ஒரு வரிசையே இருந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரையா அடுப்புப் பக்கம் வரமாட்டார், சூடு அவருக்கு ஆகாது. சனிக்கிழமைகளில் உலக்கைச் சத்தம் குறைந்தது. கோழிகள் என்னைப் பகையாளி மாதிரி பார்த்தன. மழை விடுகிற நேரம், ஒரு சாயந்தரம் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, விழுந்த வேகத்தில் நிரம்பியும் விட்டது. இன்னொரு தடவை அழுத்தினேன். "கூசுது, விடுங்க" என்றாள். கூசுகிறது என்று அவள் சொல்லி எத்தனை மாசமாகியிருந்தது.

அந்தச் சந்தோசத்தில்தான் கருவாட்டைக் கொண்டுபோனேன்.

எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், தேயிலைக்குப் பக்கத்தில் வாசனை எதுவும் ஆகாது. தேயிலை எதை மோந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஸ்டோரில் வேலை செய்கிற பொம்பிளைகள் தலையில் பூ வைக்கக்கூடாது, நாங்கள் வாசனைச் சோப்புப் போடக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வெறும் சோற்றை எத்தனை நாள் அவள் தின்பாள், கால் வேறு கூசத் தொடங்கிவிட்டது, அதைக் கொண்டாட வேண்டாமா? ஒரே ஒரு துண்டு, தணலில் ஒரு புரட்டு, அவ்வளவுதான் என்று போட்டேன். அடுப்பைச் சுற்றியிருக்கிற காற்றைத்தான் பெரிய காற்றாடி இழுத்துத் தேயிலைக்கு அனுப்புகிறது என்பதை, அதே அடுப்பில் பத்து வருசம் நின்றவன் மறந்துபோனேன்.

பின்நேரம் டீமேக்கரையா கூப்பிட்டனுப்பினார். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, அன்றைக்குக் காய்ந்த தேயிலையின் சாயத்தை ஊற்றியிருந்தார். முகம் சாயத்தைவிடச் சிவந்திருந்தது.

"வா. இத மோந்து பாரு."

மோந்தேன். எனக்கு உண்மையிலேயே பசி எடுத்தது.

"வாசன நல்லாத்தாங்க இருக்கு."

"என்னா வாசன?"

"தேயில வாசனதாங்க."

"கடலு வாசனடா! இந்த மலையில கடலு எப்பிடிடா ஏறி வந்துச்சு?"

அவர் அடுப்புப் பக்கம் போனார். சட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அரசாங்கம்தாங்க இந்த அரிசியத் திங்கச் சொன்னுச்சு" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"கருவாட்டையும் ஸ்டோருல சுடச் சொல்லி அரசாங்கம் ஒனக்குக் கடுதாசி போட்டுச்சா?"

அன்றைக்குக் காய்ந்த தேயிலையைத் தனியாக ஒதுக்கினார்கள். சட்டிகளை வெளியே அடுக்கினார்கள். உடைக்கவில்லை, அதுவரைக்கும் நல்ல மனசு. இனிமேல் ஸ்டோருக்குள் ஒரு பருக்கைகூட வரக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. எனக்குக் கொஞ்ச நாளைக்கு வேலை இல்லை, வீட்டில் இருந்துகொள் என்று தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை சொல்லிவிட்டார். லயத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தச் சனிக்கிழமை பக்கத்துக் காம்பரா அக்கா உரலைக் கழுவிக்கொண்டே, "நல்லாத்தான் தம்பி போயிக்கிட்டு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னது.

வேலையில்லாத முதல் நாள். வெளியே இன்னும் வெளிச்சம் வரவில்லை. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பலகையில் குந்தி பீடியைப் பற்ற வைத்தேன். அவள் தீட்டாத அரிசியை உலையில் போட்டுவிட்டு மாறை ஊதிக்கொண்டிருந்தாள். புகை கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவள் ஒரு தடவை கதவைப் பார்த்தாள், ஒரு தடவை சட்டியைப் பார்த்தாள். மூலையில் உலக்கை சாய்ந்திருந்தது. அதையும் பார்த்தாள். குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தால் தத்துவம் பேசுவது என் வழக்கம்.

"என்னா செய்யிறது புள்ள" என்றேன். "கவுருமெண்டும் செஞ்சு பாத்துச்சு. அந்த ஐயாவும் வந்து கண்ணக் கசக்கிட்டுப் போனாரு. நானும் எவ்வளவோ பாத்தேன். இந்த அரிசி வெந்து, நீ நேரத்துக்குப் பெரட்டுக்குப் போறதுக்கு இந்த ஒலகத்துல வழியே இல்ல."

அவள் ஊதுகிறதை நிறுத்தினாள். புகையில் சிவந்த கண்ணோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையில் இருந்த பீடியைப் பார்த்தாள். பிறகு ஊதுகுழலை என் பக்கமாக நீட்டினாள்.

"தொர அடுப்ப எரிக்கத் தெரியுதுல்ல? பொண்டாட்டி அடுப்ப ஊதுறதுக்கு மட்டும் கவுருமெண்டு வேன்ல ஆளு அனுப்பணுமாக்கும்?"